நந்தனுக்கு ஆண்டையைத் தந்தவர்

பெரியபுராணத்தில் இல்லாத ஒரு நிலச்சுவான்தாரைக் கதைக்குள் இழுத்து வந்தார் கோபாலகிருஷ்ண பாரதியார். பாட்டு பரவியது. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் ஒரு நாள், புனேயை அடுத்த நிக்டியில் பழைய மும்பை நெடுஞ்சாலை சில மணி நேரம் வாகனங்களை மறந்துவிடும். தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளைச் சுமந்து கிளம்பும் பல்லக்கு நிக்டியைக் கடந்து அடுத்துள்ள ஆகுர்டியில் இரவு தங்கி, பண்டரிபுரம் நோக்கி நகரும். 1685-இல் துக்காராமின் மகன் நாராயண மகராஜ் தொடங்கிவைத்த நடை இது. வெள்ளைக் குல்லாவும் தோளில் காவிக் கொடியுமாக ஆண்கள், தலையில் துளசிச் செடியோடு பெண்கள். வாய் ஓயாமல் அபங்கம். ஞானேஸ்வரர், நாமதேவர், துக்காராம் என்று நீளும் அந்தப் பாட்டு வரிசையில் சோகாமேளாவின் அபங்கங்களும் உண்டு.

சோகாமேளா மஹர் சாதியில் பிறந்த 14-ஆம் நூற்றாண்டுக் கவி. பண்டரிபுரத்து விட்டலனைப் பாடியே வாழ்ந்தவர். ஆனால் கோயிலுக்குள் கால் வைக்க முடியாதவர். மங்கள்வேடாவில் சுவர் கட்டும் வேலையில் சுவர் இடிந்து விழுந்து செத்தார். இடிபாடுகளுக்குள் அவர் எலும்புகள் மட்டும் விட்டலன் பெயரை முணுமுணுத்தன என்றும், அதை வைத்தே நாமதேவர் அவற்றை அடையாளம் கண்டு எடுத்து வந்தார் என்றும் கதை. கோயிலின் பெருவாசல் படியருகே சமாதி இருக்கிறது. படிக்கு வெளியேதான். 1947-இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகே பண்டரிபுரத்துக் கதவு தலித்துகளுக்குத் திறந்தது.

1960-களில் பஜாஜ், டெல்கோ என்று தொழிற்சாலைகள் வந்தபின் ஆகுர்டி, பிம்ப்ரி, நிக்டி வட்டாரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. பெயரை மாற்றினால் போதும்: பண்டரிபுரத்துக்குப் பதில் சிதம்பரம், சோகாமேளாவுக்குப் பதில் நந்தன். வித்தியாசம் ஒன்றுதான். சோகாமேளா தன் துயரத்தைத் தானே பாடினார். நந்தன் பாடியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. தமிழர் நாவில் புரளும் நந்தனின் குரல், 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் வாழ்ந்த ஒரு பிராமணப் பிரம்மச்சாரி எழுதிக் கொடுத்தது.

அவர் பெயர் கோபாலகிருஷ்ண பாரதியார். சுப்பிரமணிய பாரதிக்கு முன்பே தமிழ்நாட்டில் 'பாரதியார்' என்றால் பாட்டு என்று ஆக்கியவர்.

மடைப்பள்ளியிலிருந்து மேடைக்கு

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள நரிமணம் அவர் பிறந்த ஊர். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் எண்ணெய்க் கிணறுதான் நினைவுக்கு வரும். 1811 வாக்கில் அங்கே இசையும் சமஸ்கிருதமும் தெரிந்த ராமசாமி பாரதியின் மகனாகப் பிறந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று எல்லோருமே பாரதி பட்டம் சூடிய சங்கீதக்காரர்கள். ஆனால் சொத்து என்று சொல்ல ஏதும் இல்லை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். முடிகொண்டானில் வளர்ந்தார், கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்து வயிறு வளர்த்தார். மாயூரத்தில் கோவிந்த சிவம் என்ற துறவியிடம் வேதாந்தம் கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்துக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் நடுவே உள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்ற மிராசுதார் ஆதரவு கொடுக்க, பல காலம் அங்கே தங்கினார். பிற்கால வாழ்க்கை மாயூரத்தில். 1896-இல் காலமானார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சங்கீதத்தில் அவருக்குக் கிடைத்த படிப்பு விசித்திரமானது. தஞ்சை மராட்டியர் கையில் இருந்த நாடு. சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜி 1670-களில் பிடித்த தஞ்சையில், அவர் வம்சம் 1855 வரை நீடித்தது. 1798-இல் சரபோஜிக்கு அரியணை போனதும், பதவி இழந்த அமரசிம்மன் திருவிடைமருதூரில் தனி அரண்மனை வைத்துக்கொண்டார். அந்த அரண்மனைச் சார்பில் இருந்த ராமதாஸ் என்ற இந்துஸ்தானி வித்வானிடம் பாரதியார் பாடம் கேட்டார். காவிரிக் கரையில் தமிழ் வேதாந்தம் படித்த பையனுக்கு வடக்கத்தி மெட்டுகள் காதில் விழுந்தன. பின்னால் அவர் பாட்டுகளில் எந்த மெட்டும் தீண்டத்தகாததாக இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

சாஸ்திரிய சங்கீதத்தில் அவர் சளைத்தவர் இல்லை என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே சீடர்கள் ஆபோகி ராகத்தில் தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த ராகத்தில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்க, பாரதியார் பதில் பேசாமல் போய், மறுநாள் சிதம்பரம் சபாபதியின் மீது ஆபோகியில் ஒரு கீர்த்தனையோடு வந்து நின்றாராம். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, கீர்த்தனை நிஜம். இன்றைக்கும் கச்சேரிகளில் அது ஓடுகிறது.

ஆனால் பாரதியாருக்குச் சோறு போட்டது கீர்த்தனை அல்ல, கதாகாலட்சேபம். ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் பேச்சுமாக இரவெல்லாம் கதை சொல்லும் தொழில். அதற்காக இயற்பகை நாயனார், திருநீலகண்டர், காரைக்கால் அம்மையார் என்று நாயன்மார் கதைகளைக் கீர்த்தனைகளாகப் பாடிவைத்தார். அவையெல்லாம் இன்று ஆராய்ச்சி மாணவர்களின் சொத்து. நிலைத்தது ஒன்றே ஒன்று: நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

நாற்பது வேலி

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதைக்கு 37 செய்யுள்கள்தான். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார் நந்தனார். ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட மானிய நிலம் அவருக்கு உண்டு. கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் வாசலில் நின்று கும்பிட, மறைத்துக்கொண்டிருந்த நந்தி விலகுகிறது. சிதம்பரம் போக ஆசை. உள்ளே போக முடியாதே என்ற தயக்கம். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே நாள் கடத்துகிறார். கடைசியில் போகிறார். தீயில் மூழ்கி எழுந்து வா என்று இறைவன் கனவில் கட்டளையிட, தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, சந்நிதிக்குள் போய் மறைகிறார்.

இந்தக் கதையில் நந்தனைத் தடுக்கிற மனிதன் எவனும் இல்லை. தடை அவன் மனசுக்குள்ளேயே இருக்கிறது.

பாரதியார் இங்கேதான் கை வைத்தார். அவருடைய நந்தன் மானியக்காரன் இல்லை; ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக அவனுக்குக் கடவுளின் அனுமதிக்கு முன்னால் ஆண்டையின் அனுமதி வேண்டும். கெஞ்சுகிறான். ஆண்டை ஏசுகிறார். மாட்டிறைச்சி தின்பவனுக்கு மார்கழித் திருவிழா கேட்கிறதா என்று கேலி செய்கிறார். சேரியிலும் அவனுக்கு ஆதரவில்லை. நம் சாமிகளுக்குக் கிடா வெட்டிக் கும்பிடுவதை விட்டுப் பார்ப்பார் சாமியைத் தேடி ஏன் ஓடுகிறாய் என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் இடி. கடைசியில் ஆண்டை ஒரு நிபந்தனை போடுகிறார்: நாற்பது வேலி நிலத்தையும் உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்துவிட்டுப் போ.

ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நாற்பது வேலி சுமார் 265 ஏக்கர். ஒரே இரவில் சிவகணங்கள் அந்த வேலையை முடித்துக் கொடுக்கின்றன. விடிந்ததும் முற்றிய கதிரைப் பார்த்த ஆண்டை நடுங்கி, பண்ணையாளின் காலில் விழுகிறார்.

நாயன்மார் கதையைப் பக்தியோடு கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கு இது என்னமாதிரி அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். நாற்பது வேலி, ஆண்டை, பண்ணை, களம் இவையெல்லாம் புராணச் சொற்கள் அல்ல. கேட்பவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் புழங்கிய சொற்கள். ஆதனூர், திருப்புன்கூர், சிதம்பரம் எல்லாமே பாரதியார் நடந்து போய் வந்த ஊர்கள். அவர் குடியிருந்ததே ஒரு மிராசுதாரின் ஆதரவில். அவர் கதை சொன்ன பந்தல்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களும் நிலக்காரர்கள்தான். அவர்கள் முன்னால்தான் ஆண்டையைப் பண்ணையாளின் காலில் விழ வைத்தார்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1843-இல் இயற்றிய ஐந்தாம் சட்டம், ஒரு மனிதன் இன்னொருவனுக்கு அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்றது. அடிமை வைத்திருப்பதையே குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் அமலுக்கு வந்தது. நந்தனார் சரித்திரம் மேடையேறிப் பரவி அச்சானது இந்த இடைப்பட்ட காலத்தை ஒட்டித்தான். சட்டம் காகிதத்தில் இருந்தது. கீழத்தஞ்சையில் பண்ணையாள் முறை அதற்குப் பிறகும் தொண்ணூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல். கூலி கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25-ஆம் தேதி. நரிமணம் இருக்கும் அதே நாகை வட்டாரம்தான்.

பாரதியார் சீர்திருத்தவாதி என்று சொல்லிவிட்டால் அது மிகை. அவர் நோக்கம் பக்தி. அடிமைப்பட்ட உயிர், வழிமறிக்கும் உலகம், காத்திருக்கும் இறைவன் என்று வேதாந்தமாகவும் இதைப் படிக்கலாம். அவரே அப்படித்தான் விளக்கியிருப்பார். ஆனால் வேதாந்தத்துக்கு உவமை தேடியவர் கண்ணில் பட்டது வயலில் நின்ற ஆள். பட்டதை மறைக்காமல் எழுதினார்.

திண்ணையில் ஒரு மத்தியானம்

பாட்டு எளிமையாக இருந்ததே அதற்கு வில்லங்கமாகவும் ஆனது. கீர்த்தனைக்கு நடுவே கண்ணி, நொண்டிச் சிந்து, விருத்தம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். சேரிப் பேச்சு சேரிப் பேச்சாகவே வரும். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் காலத்தில் புத்தகம் வெளிவர வேண்டுமானால் பெரிய புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும். மாயூரத்தில் அப்போது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நிகர் யாருமில்லை. பாரதியார் அவரிடம் போனார். பிள்ளைக்கு அந்த நூலில் இருந்த இலக்கண வழுக்கள் உறுத்தின. முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். நாளைப்போவாரின் சரித்திரம் எழுதியவருக்கே நாளை, நாளை என்று பதில்.

பாரதியார் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் பிள்ளை சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருக்க, வெளியே திண்ணையில் காத்திருந்த பாரதியார் பொழுது போகாமல் நந்தன் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாட ஆரம்பித்தார். உள்ளே படுத்திருந்தவருக்கு இலக்கணம் மறந்துபோயிற்று. கண்ணில் நீர் வழிய எழுந்து வந்து, சிறப்புப்பாயிரம் எழுதிக் கொடுத்தார். தமிழ் இலக்கிய உலகில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சம்பவம்தான் இது. ஆனாலும் ஒரு விஷயத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது: ஏட்டில் படித்தால் குறைபடுகிற நூல், காதில் விழுந்தால் நிறைந்துவிடுகிறது.

இதையெல்லாம் நமக்குச் சொல்லிவைத்தவர் உ.வே.சாமிநாதையர். 1871-இல் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயூரம் வந்தபோது, தந்தையின் விருப்பப்படி பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பிள்ளைக்கு விஷயம் தெரிந்தது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் நிற்காது என்பது அவர் அபிப்பிராயம். பையன் பாட்டை விட்டான். சங்க இலக்கியம் பிழைத்தது என்று நாம் சந்தோஷப்படலாம். பாரதியாருக்கு ஒரு நல்ல சீடன் போனான். அந்தக் கடனை ஐயர் பிற்காலத்தில் பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தீர்த்தார். அது இல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கக்கூடியது அற்பம்.

புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுபோக ஆர்வம் காட்டியவர் தமிழ்ப் பண்டிதரும் அல்ல, மடாதிபதியும் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே துரை. பாட்டைக் கேட்டு மயங்கிய அவர் முயற்சியில் 1860-களின் தொடக்கத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. பாரதியார் உயிரோடு இருக்கும்போதே அது ஊரார் சொத்தாகிவிட்டது.

மோர்காவ் வழியாக

அச்சைவிட அதைப் பரப்பியது மராட்டியப் பாணி. 1864-இல் ராமச்சந்திர மோர்காவ்கர் பாவா என்ற கீர்த்தனக்காரர் தஞ்சைக்கு வந்தார். அவர் பெயரில் ஒட்டியிருக்கும் மோர்காவ், புனே மாவட்டத்தில் அஷ்ட விநாயகர் தலங்களில் முதலாவது. சாதுர்மாசியக் காலத்தில் தஞ்சையில் தங்கி அவர் நடத்திய மராட்டிக் கீர்த்தனங்கள் ஊரையே கட்டிப்போட்டன. அபங்கம், ஓவி, சாகி, திண்டி என்று மெட்டுக்கு மெட்டு தாவும் வேகம், கதைக்கு நடுவே கிளைக்கதை, பின்பாட்டுக்காரர்கள், கையில் சிப்ளாக்கட்டை. தமிழ்க் கதாகாலட்சேபம் அதுவரை இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருந்ததில்லை.

இந்தப் பாணியைத் தமிழுக்கு மாற்றியவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். 1903-இல் மறையும்வரை ஹரிகதையின் முடிசூடா மன்னர். அவர் கையில் நந்தனார் சரித்திரம் புது அவதாரம் எடுத்தது. நிக்டி வழியே பல்லக்கோடு போகிறவர்கள் பாடும் அதே அபங்க மெட்டின் உறவுக்காரர்கள், கும்பகோணத்திலும் சென்னையிலும் நந்தன் கதைக்கு நடுவே தலைகாட்டினார்கள். ராமதாஸிடம் இந்துஸ்தானி கேட்ட பாரதியாருக்கு இது மனத்தாங்கலாக இருந்திருக்காது.

பிறகு அந்தப் பாட்டை ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். மிகச் சாமர்த்தியமாக எடுத்தவர் சுப்பிரமணிய பாரதி. சுதேசிப் போராட்டக் காலத்தில், சுதந்திரம் கேட்கிற இந்தியனை ஓர் ஆங்கிலேய அதிகாரி ஏசுவதாக ஒரு பாட்டு எழுதினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வர்ணமெட்டு, நந்தனை ஆண்டை ஏசும் பாட்டின் மெட்டு. கேட்டவுடனே எல்லோருக்கும் மூலப்பாட்டு ஞாபகம் வரும். வெள்ளைக்காரன் ஆண்டையாகிறான், தேசம் முழுக்கப் பண்ணையாளாகிறது. நந்தனை ஏசிய சாதியார் உட்பட. இந்த இடக்கைப் பாரதி தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

காந்தி தமிழ்நாட்டுக்கு வந்தபோதெல்லாம் நந்தன் பெயரைச் சொன்னார். வன்முறை இல்லாமல், தன்னையே வருத்திக்கொண்டு வாசலைத் திறக்கச் செய்த சத்தியாக்கிரகி அவருக்கு நந்தன். சிதம்பரத்திலேயே, தலித் சமூகத்தில் பிறந்து துறவியான சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் நெருப்பில் இறங்கியதாகச் சொல்லப்படும் ஊரில் பிள்ளைகள் அவன் பெயரால் சிலேட்டும் பலப்பமும் பிடித்தார்கள். நந்தன் பெயரால் நடந்த காரியங்களில் இதைவிட உருப்படியானது எதுவும் இல்லை.

சினிமாவும் விடவில்லை. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள், ஆண் வேடம். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். சுந்தராம்பாளுக்குக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் அந்நாளில் தேசத்தையே வாய் பிளக்க வைத்தது. படம் எப்படி? மனிதர்களைவிடப் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி கிண்டலடித்தார். 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' வேறு தரம். தண்டபாணி தேசிகரின் குரலில் நந்தன் வீடு வீடாக நுழைந்தான். ஆனால் அதில் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய புதுப் பாட்டுகளும் சேர்ந்தன. இன்றைக்கு நந்தனார் பாட்டு என்று முணுமுணுக்கிற பலருக்கு எது பாரதியார், எது சிவன் என்று தெரியாது. நந்தனைப் படைத்தவர் நந்தனுக்குள்ளேயே கரைந்துபோனார்.

தீ என்கிற இடம்

எதிர்க்குரல்களும் அப்போதே கிளம்பிவிட்டன. 1907-இல் 'தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்குப் பக்தனும் வேண்டாம், பண்ணையாளும் வேண்டாம். அவர் எழுதிய சரித்திரத்தில் நந்தன் ஒரு பௌத்த அரசன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன். புதுமைப்பித்தன் 1934-இல் 'புதிய நந்தன்' எழுதி, காந்தி வந்த காலத்து நந்தனைக் காட்டினார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் 1978-இல் வந்தபோது பாரதியாரின் கட்டடத்தையே எடுத்துக்கொண்டு கூரையைப் பிரித்தது. அங்கே தீயில் இறங்குபவன் முனிவனாக எழுவதில்லை. எரிந்துபோகிறான்.

தலித் விமர்சகர்கள் விடாமல் கேட்கும் கேள்வியும் அதுதான். ஆண்டையைக் காலில் விழ வைத்த பாரதியார், அத்தோடு நின்றிருக்கக்கூடாதா? காலில் விழுந்த பின்னும் நந்தன் ஏன் தீயில் குளிக்க வேண்டும்? ஏன் பூணூலோடு எழ வேண்டும்? உள்ளே போனது நந்தனா, அல்லது நந்தன் அல்லாத ஒருவனா? சேக்கிழாரின் நிலத்தடையைத் தகர்த்தவர், தீயை அப்படியே விட்டுவிட்டார் என்பது உண்மை. அந்த இடத்தில் கதையை மாற்றப் பாரதியாருக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லலாம். மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பது இன்னும் நெருக்கமான பதில். ஆனால் இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்க முடிவதற்கே அவர் நட்டு வைத்த அந்த ஆண்டை காரணம். 37 செய்யுள்களை மட்டும் படித்துவிட்டு யாரும் நிலத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

சண்டை நூலகத்தோடு நிற்கவில்லை. 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லாக் கோயில் கதவுகளையும் சட்டப்படி திறந்துவிட்டது. ஆயினும் சிதம்பரத்தில் நந்தன் நுழைந்த தெற்கு வாசல் அவன் நுழைந்ததாலேயே அடைக்கப்பட்டது என்ற நம்பிக்கை மறையவில்லை. அந்தச் சுவரை அகற்றக் கோரி 2010-இல் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தினர் போராட்டம் நடத்தினார்கள். சுவருக்கும் நந்தனுக்கும் சம்பந்தமில்லை என்பது எதிர்வாதம்.

மார்கழியில் சென்னை சபாக்களில், முக்கிய உருப்படிகள் முடிந்து துக்கடா நேரம் வந்ததும் பாரதியாரின் மாஞ்சி ராகப் பாட்டைக் கேட்கலாம். உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று நந்தன் தயங்கும் பாட்டு. ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்டை ஏசும் பாட்டு மட்டும் கச்சேரி மேடைக்கு வருவது அபூர்வம்.